முதல் மதிப்பெண்ணுக்குக் கேடயம், நல்ல குணத்துக்கு?

மே மாதம் வந்துவிட்டால் நம் ஊர்களில் பாராட்டு விழாக்கள் தொடங்கிவிடும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியான ஓரிரு வாரங்களில் ஜமாஅத், நலச்சங்கம், முன்னாள் மாணவர் அமைப்பு என்று ஒவ்வொருவரும் மேடை போடுவார்கள். முதல் மூன்று இடங்களைப் பிடித்த பிள்ளைகளுக்குக் கேடயம், பணமுடிப்பு, சால்வை. பெற்றோரையும் மேடைக்கு அழைத்துப் புகைப்படம் எடுப்பார்கள். நல்ல வழக்கம்தான். படிப்பை மதிக்கும் சமுதாயம் முன்னேறும். அதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால் அந்த மண்டபத்தின் பின்வரிசையையும் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டும். நாற்காலிகளை எடுத்துப் போட்டு, வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, சுவரோரமாக நிற்கும் பிள்ளைகள் அங்கே இருப்பார்கள். அப்படி ஒரு மாணவனை நமக்குத் தெரியும். அவன் வகுப்பில் பார்வை மங்கலான ஒரு தோழன் இருந்தான். கரும்பலகையில் எழுதுவதை ஆண்டு முழுவதும் அவனுக்கு மெல்லிய குரலில் படித்துக் காட்டியவன் இவன்தான். யாரும் சொல்லிச் செய்யவில்லை. யாரிடமும் சொல்லிக்கொள்ளவும் இல்லை. தோழனின் உம்மா ஒருநாள் கண்ணீரோடு சொன்ன பிறகுதான் நமக்கே தெரிந்தது. இவன் எடுத்த மதிப்பெண் மேடையேறும் அளவுக்கு இல்லை. ஆகவே விழாவில் அவன் பெயர் வாசிக்கப்படவில்லை.

இங்கே யாரையும் குறை சொல்ல முடியாது. விழாவை நடத்தியவர்களுக்கு அது தெரியாது. தெரிந்துகொள்ள ஓர் ஏற்பாடும் நம்மிடம் இல்லை. அந்த ஏற்பாட்டைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையில் பேசப் போகிறோம்.

'நடத்தை: நன்று'

பள்ளியை விட்டு வெளியேறும்போது தரும் மாற்றுச் சான்றிதழைப் பார்த்திருப்போம். அதில் மாணவரின் நடத்தையும் பண்பும் என்று ஒரு வரி உண்டு. எதிரே பெரும்பாலும் 'நன்று' என்ற ஒரே சொல்தான் இருக்கும். தோழனுக்காக ஓராண்டு கண்ணாக இருந்தவனுக்கும் 'நன்று'. பின்பெஞ்சில் உட்கார்ந்து அதே தோழனைக் கேலி செய்தவனுக்கும் 'நன்று'. 12 ஆண்டுப் பள்ளி வாழ்க்கையில் ஒரு பிள்ளையின் குணத்தைப் பற்றி நாம் எழுதி வைக்கும் ஒரே சொல் அதுதான். மதிப்பெண் பட்டியலிலோ ஒரு மதிப்பெண் வித்தியாசத்துக்குக்கூட மறுகூட்டல் கேட்கிறோம்.

பிள்ளைகள் இதைக் கவனிக்காமல் இருப்பதில்லை. வீட்டில் 'ஒழுக்கம்தான் முக்கியம்' என்று நாம் சொல்கிறோம். ஆனால் எதற்குக் கைதட்டுகிறோம், எதை உறவினர்களிடம் பெருமையாகச் சொல்கிறோம், எதற்காகப் புது சைக்கிள் வாங்கித் தருகிறோம் என்பதைப் பார்த்துத்தான் நம் உண்மையான விருப்பம் என்ன என்று அவர்கள் முடிவு செய்கிறார்கள். உதவி செய்ததற்கும் உண்மை சொன்னதற்கும் ஒரு வார்த்தைகூடக் கிடைக்காத இடத்தில், 'இதெல்லாம் கணக்கில் வராத விஷயம்' என்ற பாடத்தைத்தான் அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

மதிப்பெண்ணைச் சுற்றிய ஆரவாரம் சரியில்லை என்பதை அரசும் உணர்ந்தது. 2017ஆம் ஆண்டு முதல் தமிழ்நாட்டில் பொதுத்தேர்வு முடிவுகளில் மாநில அளவிலான முதல் மூன்று இடங்களை அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. பிள்ளைகளின் மன அழுத்தத்தைக் குறைக்க எடுத்த நல்ல முடிவு அது. ஆனால் ஒன்றை நிறுத்துவது பாதி வேலைதான். அந்த இடத்தில் எதைப் பாராட்டப் போகிறோம் என்ற கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

வாழ்க்கைத் திறன்கள் என்றால் என்ன?

'நல்ல பையன்', 'நல்ல பிள்ளை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். என்ன நல்லது என்று கேட்டால் தெளிவாகச் சொல்ல வராது. பாராட்டுவதற்கு முதலில் பெயர் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் 1990களில் பள்ளிகளுக்காக 10 வாழ்க்கைத் திறன்களை வகுத்துக் கொடுத்தது. தன்னை அறிதல், பிறர் நிலையில் நின்று உணர்தல், ஆராய்ந்து சிந்தித்தல், புதிதாகச் சிந்தித்தல், முடிவெடுத்தல், சிக்கலைத் தீர்த்தல், தெளிவாகப் பேசிப் பகிர்தல், நல்லுறவு பேணுதல், மன அழுத்தத்தைச் சமாளித்தல், உணர்ச்சிகளைக் கையாளுதல் ஆகியவையே அவை.

கேட்பதற்குப் பாடப்புத்தகம் போல இருக்கலாம். அன்றாட வாழ்க்கையில் வைத்துப் பார்த்தால் எல்லாம் நமக்குப் பழக்கமானவைதான். சண்டையிட்ட இரு தோழிகளைப் பேச வைக்கும் சிறுமியிடம் நல்லுறவு பேணும் திறன் இருக்கிறது. ஆத்திரம் வந்தபோது கையை ஓங்காமல் வகுப்பை விட்டு வெளியே போய் முகம் கழுவிவிட்டு வரும் மாணவனிடம் உணர்ச்சியைக் கையாளும் திறன் இருக்கிறது. 'வாங்கடா, சிகரெட் பிடிச்சுப் பார்க்கலாம்' என்று நண்பர்கள் கூப்பிடும்போது 'எனக்கு வேண்டாம்' என்று சொல்லிவிட்டு, அதே நண்பர்களோடு மறுநாள் பந்து விளையாடுகிறவனிடம் முடிவெடுக்கும் திறன் இருக்கிறது.

நற்குணமும் வாழ்க்கைத் திறனும் ஒன்றல்ல. ஆனால் இரண்டும் சேர்ந்தே நடக்க வேண்டும். குணம் என்பது எது சரி என்ற நாட்டம். திறன் என்பது அதைச் செய்து முடிக்கும் வலு. தோழனைக் கேலி செய்வது தவறு என்று மனத்தில் தெரிந்தும், எழுந்து தடுக்கத் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். பேச்சுத் திறனும் துணிவும் இருந்து, அதைப் பிறரை ஏமாற்றப் பயன்படுத்துகிறவர்களும் உண்டு. ஆகவே இரண்டையும் சேர்த்து வளர்க்கவும் வேண்டும், சேர்த்துப் பாராட்டவும் வேண்டும்.

திருக்குர்ஆனின் 31ஆவது அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொல்லும் அறிவுரையை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். இறைவனுக்கு இணை வைக்காமையில் தொடங்கி, தொழுகை, நன்மையை ஏவுதல், சோதனையில் பொறுமை என்று செல்கிறது. அங்கே நின்றுவிடவில்லை. மக்களிடம் பெருமையோடு முகத்தைத் திருப்பாமல் இருப்பது, நடையில் நடுநிலை, குரலைத் தாழ்த்துவது என்று பிறரோடு பழகும் முறைவரை வருகிறது. ஈமானையும் பேசும் தொனியையும் ஒரே மூச்சில் ஒரு தந்தை மகனுக்குக் கற்பிக்கிறார்.

பண்புக்கு மதிப்பெண் போட்டுப் பார்த்தார்கள்

'அப்படியானால் நற்குணத்துக்கும் மதிப்பெண் போட்டுவிடலாமே' என்று தோன்றும். அதையும் நம் நாட்டில் செய்து பார்த்தார்கள்.

சி.பி.எஸ்.இ. 2009ல் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டு முறையைக் கொண்டுவந்தது. அதில் சிந்தனைத் திறன், சமூகத் திறன், உணர்வுத் திறன் ஆகியவற்றுக்கும், ஆசிரியர்களிடமும் சக மாணவர்களிடமும் நடந்துகொள்ளும் முறைக்கும் தரக்குறியீடு போட்டார்கள். இவற்றில் நல்ல தரம் பெற்றால் பாடத்தின் தரத்தை ஒரு படி உயர்த்தும் ஏற்பாடும் இருந்தது. தமிழ்நாட்டிலும் 2012-13 கல்வியாண்டில் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறையோடு இந்த மதிப்பீடு வந்தது.

நோக்கம் உயர்ந்தது. ஆனால் நடைமுறையில் ஒரு வகுப்பில் 40, 50 பிள்ளைகள். ஒவ்வொருவருக்கும் பல தலைப்புகளில் குறிப்பு எழுத வேண்டும். ஆசிரியருக்குப் பிள்ளையைக் கவனிக்கும் நேரத்தைவிடப் பதிவேட்டை நிரப்பும் நேரம் அதிகமானது. எல்லோருக்கும் ஒரே மாதிரி வாசகங்களை எழுதுவது எளிதாக இருந்தது. குணத்தின் பேரால் பாடத் தரம் உயரும் என்றதும் பெற்றோரின் கண் குணத்தை விட்டுத் தரத்துக்குப் போனது. 2017-18 முதல் பத்தாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வு மறுபடியும் கட்டாயமாக்கப்பட்டு, சி.பி.எஸ்.இ. அந்த முறையைக் கைவிட்டது.

இதிலிருந்து நமக்குக் கிடைக்கும் பாடம் முக்கியமானது. குணத்தை எண்ணாக மாற்றினால் அது இன்னொரு பாடமாகிவிடும். அதற்கும் ஒரு டியூஷன் தேடத் தொடங்குவோம். குணத்தைக் கவனித்து, பெயர் சொல்லி, மதிக்க வேண்டும். அளந்து வரிசைப்படுத்தக் கூடாது.

சிங்கப்பூரின் வழி

கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலிருந்து போய்ப் பல தலைமுறைகளாகச் சிங்கப்பூரில் வாழும் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் ஏராளம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில் எடுசேவ் நற்குண விருது என்று ஒன்று உண்டு. 2012ல் தொடங்கிய இந்த விருதை ஒவ்வொரு பள்ளியிலும் அதிகபட்சம் 2 விழுக்காடு மாணவர்களுக்குக் கொடுக்கிறார்கள். நடத்தையாலும் செயலாலும் முன்மாதிரியாக விளங்கும் மாணவர்களைப் பள்ளியே தேர்வு செய்கிறது. தேர்வு மதிப்பெண் இதற்கு அளவுகோல் அல்ல. மதிப்பு, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, அக்கறை, இணக்கம் என்ற ஆறு விழுமியங்களை அந்நாட்டுப் பள்ளிகள் அடிப்படையாக வைத்திருக்கின்றன.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கலாம். ஒன்று, நற்குண விருதோடு, படிப்பில் நல்ல முன்னேற்றம் கண்டவர்களுக்கும், தலைமைத்துவத்திலும் தொண்டிலும் சிறந்தவர்களுக்கும் தனித்தனி விருதுகள் இருக்கின்றன. ஒரே ஏணியில் எல்லோரையும் ஏற்றாமல், பல வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறார்கள். இரண்டு, புதிய விருதைச் சேர்த்ததோடு நில்லாமல் பழைய போட்டியையும் குறைத்தார்கள். 2012 முதல் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றவரின் பெயரை அறிவிப்பதை அந்நாட்டுக் கல்வி அமைச்சு நிறுத்தியது. 2019 முதல் முன்னேற்ற அறிக்கையில் வகுப்பில் எத்தனையாவது இடம் என்ற வரியே எடுக்கப்பட்டது.

அங்கும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. டியூஷன் மோகம் நம்மைவிட அங்கு குறைவில்லை. 2 விழுக்காடு என்றால் 50 பேரில் ஒருவர்தான். மீதி 49 பேரிடமும் நற்குணம் உண்டல்லவா? ஆகவே ஆண்டுக்கு ஒரு விருது என்பது ஒரு தொடக்கம்தான். அன்றாடம் கிடைக்கும் சிறு அங்கீகாரமே பெரும்பாலான பிள்ளைகளைச் சென்றடையும்.

பரிசு கொடுத்தால் குணம் கெடுமா?

இந்தக் கேள்வி பல பெற்றோர்களுக்கு உண்டு, நியாயமான கேள்வி. 'பரிசுக்காக நல்லவனாக இருப்பது நல்ல குணமா?'

1973ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் நடந்த ஆய்வு புகழ்பெற்றது. படம் வரைவதில் தானாகவே ஆர்வம் கொண்ட குழந்தைகளில் ஒரு பிரிவினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்குச் சொல்லாமலே கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தபோது, பரிசை எதிர்பார்த்து வரைந்த குழந்தைகள் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி நேரமே வரைதலில் செலவிட்டார்கள். விளையாட்டாக இருந்தது வேலையாக மாறிவிட்டது.

உதவும் குணத்தைப் பற்றியே நேரடியாக ஓர் ஆய்வு ஜெர்மனியில் நடந்து 2008ல் வெளியானது. ஆய்வாளரின் கையிலிருந்து தவறி விழும் பொருளை 20 மாதக் குழந்தைகள் எடுத்துக் கொடுத்தார்கள். சிலருக்கு ஒவ்வொரு முறையும் விளையாட்டுப் பொருள் கிடைத்தது. சிலருக்கு நன்றிச் சொல் மட்டும். சிலருக்கு எதுவும் இல்லை. பொருளைப் பரிசாகப் பெற்ற குழந்தைகள் பிறகு உதவுவதைக் குறைத்துக்கொண்டார்கள். சொல்லால் பாராட்டப்பட்டவர்களிடம் அந்தக் குறைவு இல்லை.

சொல்லாமல் கொடுத்தால் மட்டும் போதும் என்றும் எண்ணிவிட வேண்டாம். கலிஃபோர்னியாவில் 15 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடம் நடந்த ஓர் ஆய்வு 2021ல் வெளியானது. ஒரு மாதம் விடுப்பு எடுக்காமல் வந்தவர்களுக்கு எதிர்பாராமல் விருது கொடுத்தார்கள். அதன் பிறகு அவர்களின் வருகை சற்றுக் குறைந்தது. 'மற்றவர்களைவிட நான் அதிகமாகவே செய்துவிட்டேன் போலிருக்கிறது' என்ற எண்ணத்தை அந்த விருது கொடுத்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் விளக்கினார்கள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒன்று புரிகிறது. 'இதைச் செய்தால் அது கிடைக்கும்' என்ற பேரம் குணத்துக்கு ஆகாது. கடமையைச் செய்வதற்கே விருது கொடுத்தால், கடமை அதிகப்படியான காரியமாகத் தெரியத் தொடங்கும். ஆனால் 'நீ செய்ததை நாங்கள் பார்த்தோம். அதனால் இன்னாருக்கு இந்த நன்மை நடந்தது' என்ற உண்மையான சொல் பிள்ளைக்கு ஊட்டமாக இருக்கிறது.

நபி (ஸல்) அவர்கள் பாராட்டிய முறை

அப்துல் கைஸ் கூட்டத்தார் மதீனாவுக்கு வந்த நிகழ்ச்சி ஹதீஸ் நூல்களில் இருக்கிறது. நபி (ஸல்) அவர்களைக் காணும் ஆவலில் மற்றவர்கள் வாகனத்திலிருந்து இறங்கி விரைந்தார்கள். அஷஜ் என்று அழைக்கப்பட்ட அவர்களின் தலைவர் மட்டும் அவசரப்படவில்லை. பொருட்களைப் பத்திரப்படுத்தி, நல்ல உடை அணிந்து, நிதானமாக வந்தார். அவரிடம் அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் இருப்பதாக நபியவர்கள் அவரிடமே சொன்னார்கள். ஒன்று சகிப்புத்தன்மை, மற்றொன்று நிதானம்.

இந்தப் பாராட்டில் ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும் ஒரு முழுப் பாடம் இருக்கிறது. பொதுவாக 'நல்லவர்' என்று சொல்லவில்லை. குணத்தைப் பெயர் சொன்னார்கள். மற்றவர்களோடு ஒப்பிடவில்லை, வேகமாக வந்தவர்களைக் குறைத்துப் பேசவும் இல்லை. அல்லாஹ்வின் விருப்பத்தோடு அதை இணைத்தார்கள்.

அதே நபி (ஸல்) அவர்கள் அளவுக்கு மீறிய புகழ்ச்சியை எச்சரித்தும் இருக்கிறார்கள். ஒருவர் மற்றொருவரை அவர் எதிரிலேயே புகழ்ந்து தள்ளியபோது, தோழரின் கழுத்தை முறித்துவிட்டீரே என்ற பொருளில் கண்டித்தார்கள். பாராட்டித்தான் ஆக வேண்டுமென்றால் தெரிந்ததை மட்டும் சொல்லி, உள்ளத்தின் கணக்கை அல்லாஹ்விடம் விட்டுவிடுமாறு கற்பித்தார்கள்.

முகஸ்துதி வந்துவிடுமோ என்ற அச்சம் சிலருக்கு இருக்கும். நன்மை செய்தவரை மக்கள் பாராட்டினால் அதன் நிலை என்ன என்று நபியவர்களிடம் கேட்கப்பட்டபோது, அது முஃமினுக்கு உடனடியாகக் கிடைக்கும் நற்செய்தி என்று சொன்னதாக முஸ்லிம் நூலில் வருகிறது. பாராட்டுக்காகச் செய்வது வேறு. செய்ததற்குப் பாராட்டு வருவது வேறு. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்க வேண்டும். யாரும் பார்க்காமல் செய்யும் நன்மையின் இனிமையையும் அவர்கள் அறிய வேண்டும்.

யாரைப் பாராட்டாமல் விட்டுவிடுகிறோம்?

நற்குண விருதைத் தொடங்கும் பள்ளிகள் பெரும்பாலும் ஒரு தவறைச் செய்துவிடுகின்றன. ஆசிரியருக்குத் தொந்தரவு கொடுக்காத பிள்ளையே நற்குணமுள்ள பிள்ளை என்று எடுத்துக்கொள்கின்றன. அமைதியாக இருப்பவர், சொன்னதை மறுபேச்சின்றிச் செய்பவர், சீருடை கசங்காமல் வருபவர் ஆகியோருக்கே விருது போகிறது. அடக்கம் நல்ல குணம்தான். ஆனால் 'சார், அவன் எடுக்கல. நான் பார்த்தேன்' என்று எழுந்து நின்று தோழனுக்காகச் சாட்சி சொன்னவனின் துணிவும் நற்குணமே. அவன் ஆசிரியரின் கணிப்பில் வாயாடியாக இருக்கலாம்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். ஆண் பிள்ளையின் துணிவையும் பெண் பிள்ளையின் மௌனத்தையும் மட்டுமே பாராட்டிப் பழகிவிட்டோம். பேருந்தில் ஒருவன் தவறாக நடந்துகொண்டால் குரல் எழுப்பவும், வீட்டில் வந்து சொல்லவும் தெரிந்த பெண் பிள்ளைதான் பாதுகாப்பாக இருப்பாள். அந்தத் திறனை மதிக்காமல் மௌனத்துக்கு மட்டும் பரிசளித்தால் நாளை அவள் சொல்ல வேண்டியதையும் சொல்லாமல் போய்விடுவாள்.

வறுமைப்பட்ட வீட்டுப் பிள்ளைகளும் கண்ணில் படாமல் போகிறார்கள். காலையில் தம்பியைக் குளிப்பாட்டி, சோறு கட்டிக் கொடுத்து, அங்கன்வாடியில் விட்டுவிட்டு ஓடிவரும் சிறுமி, வகுப்புக்கு 10 நிமிடம் தாமதமாக வந்ததற்காக வாசலில் நிற்கிறாள். அவளிடம் இருக்கும் பொறுப்புணர்ச்சிக்கு நிகரானது அந்த வகுப்பிலேயே இல்லாமல் இருக்கலாம். பள்ளிக்குத் தெரிந்தது தாமதம் மட்டும்தான்.

நேற்றுவரை சண்டைக்காரனாக இருந்து இன்று திருந்த முயல்பவனும் உண்டு. அவனுக்கு ஒரு சொல் கிடைத்தால் திரும்பிப் பார்க்காமல் நல்ல வழியில் போவான். கிடைக்காவிட்டால் 'எப்படி இருந்தாலும் எனக்கு இந்தப் பெயர்தானே' என்று பழைய இடத்துக்கே போய்விடுவான்.

பள்ளியில் என்ன செய்யலாம்?

பெரும் செலவு எதுவும் தேவையில்லை. சில ஏற்பாடுகள் போதும்.

1. ஒவ்வொரு மாதமும் ஒரு குணத்தையோ திறனையோ எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதம் வாக்குத் தவறாமை, அடுத்த மாதம் கோபத்தை அடக்குதல், அதற்கடுத்து பிறர் சொல்வதைக் கேட்டல். காலை வழிபாட்டில் இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேசினால் போதும்.

2. வகுப்பில் ஒரு பெட்டி வைத்து, தோழரிடம் கண்ட நல்ல செயலை மாணவர்களே எழுதிப் போடச் சொல்லலாம். ஆசிரியர் கண்ணில் படாதது சக மாணவர் கண்ணில் படும். தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்லும் முழுமையான முன்னேற்ற அட்டையிலும் மாணவரின் சுயமதிப்பீடு, சக மாணவர் மதிப்பீடு, ஆசிரியர் மதிப்பீடு மூன்றும் உண்டு. காவலாளி, ஆயா, சத்துணவுப் பணியாளர், வேன் ஓட்டுநர் ஆகியோரிடமும் கேட்க வேண்டும். தன்னைவிடப் பதவியில் குறைந்தவர் என்று நினைப்பவரிடம் பிள்ளை எப்படி நடந்துகொள்கிறான் என்பதே அவனுடைய உண்மையான குணம்.

3. சான்றிதழில் 'நன்னடத்தைக்காக' என்று மட்டும் அச்சடிக்காமல், செய்த செயலை ஒரு வரியில் எழுத வேண்டும். 'கீழே கிடந்த பணத்தை உரியவரைத் தேடிக் கொடுத்ததற்காக' என்ற கையெழுத்து வரியை அந்தப் பிள்ளை வளர்ந்த பிறகும் எடுத்துப் பார்ப்பான்.

4. முதல், இரண்டாம், மூன்றாம் பரிசு வேண்டாம். நேர்மையில் இரண்டாம் இடம் என்று ஒன்று கிடையாது.

5. எல்லாப் பாராட்டும் மேடையில் நடக்க வேண்டியதில்லை. வீட்டு வறுமையோ, உடன் படிக்கும் பிள்ளையின் குறைபாடோ சம்பந்தப்பட்டிருந்தால் மேடை யாரையாவது புண்படுத்திவிடும். அப்போது தலைமை ஆசிரியர் தனியாக அழைத்துச் சொல்லும் ஒரு வார்த்தையும், பெற்றோருக்கு அனுப்பும் ஒரு கடிதமும் மேலானவை. பெற்றோருக்குப் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தால் புகாராகத்தான் இருக்கும் என்ற நிலையும் மாறும்.

6. பழகுவதற்கு வாய்ப்பும் தர வேண்டும். சில பள்ளிகளில் 'நேர்மை அங்காடி' நடத்துகிறார்கள். கடையில் ஆள் இருக்கமாட்டார். பேனா, பென்சில், நோட்டை எடுத்துக்கொண்டு உரிய காசைப் பெட்டியில் போட வேண்டும். கணக்கு குறைந்தால் யாரையும் விசாரிக்காமல் வகுப்பாகப் பேசுவதில்தான் அதன் பயன் இருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டம் 2009ன்படி அரசுப் பள்ளிகளில் அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு உறுப்பினர்கள் பெற்றோர்களே. நாம் கூட்டங்களுக்குப் போவதே குறைவு. போனாலும் கழிப்பறை, சுற்றுச்சுவர் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறோம். அவை அவசியம். அவற்றோடு இதையும் பேசலாம். நம் சமுதாயம் நடத்தும் பள்ளிகளில் இதைத் தொடங்க யாருடைய அனுமதியும் தேவையில்லை.

ஜமாஅத்தும் வீடும்

ஜமாஅத் பாராட்டு விழாவில் மதிப்பெண் பரிசுகளோடு நான்கைந்து பிள்ளைகளை நற்குணத்துக்காகவும் திறனுக்காகவும் அழைக்கலாம். பெயர்களைப் பள்ளி ஆசிரியர்களிடமும் மக்தப் உஸ்தாதிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டுப் பெறலாம். நிர்வாகிகளின் பிள்ளைகளை முதலில் தேர்வு செய்யாமல் இருந்தால் விருதுக்கு மதிப்புக் கூடும். மாற்று மத மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். நல்ல குணம் எங்கிருந்தாலும் மதிக்கப்பட வேண்டியதே.

வீட்டில் இன்னும் எளிது. இரவுச் சாப்பாட்டின்போது 'இன்னைக்கு எத்தனை மார்க்?' என்று கேட்கும் வாப்பா, 'இன்னைக்கு யாருக்காவது உதவி செஞ்சியா? உனக்கு யார் உதவி செஞ்சா?' என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வி முக்கியம். பிறரின் நன்மையைக் கவனிக்கவும் நன்றி சொல்லவும் அது பழக்கும். உடைந்த கண்ணாடிக் குவளையைப் பற்றி உண்மையைச் சொல்லும் பிள்ளையிடம், குவளையைப் பற்றிப் பேசுவதற்கு முன் உண்மையைப் பற்றிப் பேசுவோம். உண்மை சொன்னதற்கும் அடி கிடைக்கும் வீட்டில் பொய் வளர்வதைத் தடுக்க முடியாது.

அண்ணன் தம்பியை ஒப்பிட்டுப் பாராட்டாதிருப்போம். ஒரு பிள்ளையைப் பாராட்டும் சொல் மற்றொரு பிள்ளையைக் குத்தும் சொல்லாக இருந்தால் இருவருக்கும் நன்மை இல்லை.

அந்த மாணவனுக்கு வருவோம். விழா முடிந்து சில நாட்களுக்குப் பிறகு, தோழனின் உம்மா அவன் வீட்டுக்குப் போய், அவன் பெற்றோர் எதிரிலேயே நடந்ததைச் சொன்னார். அதுவரை 'மார்க் குறைஞ்சிடுச்சே' என்று ஒரு வாரமாக மகனோடு சரியாகப் பேசாமல் இருந்த அத்தா, எதுவும் சொல்லாமல் எழுந்துபோய் மகனின் தலையில் கை வைத்தாராம். அந்தப் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மேடை தேவைப்படவில்லை. ஆனால் அந்த உம்மா வந்து சொல்லாமல் இருந்திருந்தால்?

அப்படிச் சொல்லப்படாமல் போகும் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும், ஒவ்வொரு தெருவிலும் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது நம் பொறுப்பு. வரும் ஆண்டின் விழாவுக்குப் பட்டியல் எழுதும்போது மதிப்பெண் தாளோடு இன்னொரு தாளையும் எடுத்து வைப்போம். நம் பிள்ளைகளுக்குக் கல்வியையும், அந்தக் கல்வியை அழகாக்கும் நற்குணத்தையும் அல்லாஹ் சேர்த்தே வழங்குவானாக. ஆமீன்.